அம்மை என்று சொன்னோம்

அந்த ஒரு சீசன் முழுக்க அக்காவின் தலை ஈரமாகவே இருந்தது. குற்றாலத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், மங்குஸ்தானும் பலாச்சுளையும் விற்கிற கடைகளின் பின்புறம் ஒரு குழாய் இருந்தது. சாரல் தூறிக்கொண்டிருக்கும். எண்ணெய் வழிய வழிய அருவிக்குப் போகிறவர்களும், நடுங்கிக்கொண்டே திரும்புகிறவர்களுமாக ரோடு நிறைந்திருக்கும். அம்மா அக்காவை அந்தக் குழாயடிக்குக் கூட்டிப் போய்ப் பின்னலைப் பிரித்து, தலையைக் குனியச் சொல்லி, தண்ணீரைத் திறந்துவிடுவாள். என் தலைக்கும் ஒரு கை தெளிப்பாள். பிறகு ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து பையின் மேலாகத் தெரியும்படி வைப்பாள். நாங்கள் அருவியில் குளித்துவிட்டு வருகிறோம் என்று தென்காசியில் எங்கள் தெரு நம்ப வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும். உண்மையில் அருவிப் பக்கமே போயிருக்க மாட்டோம். புனலூரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு, ஆரியங்காவு வழியாக மலை இறங்கி, செங்கோட்டையில் பஸ் மாறி, ஊருக்குள் நுழையுமுன் தலையை நனைத்துக்கொள்வதற்காகவே குற்றாலத்தில் இறங்குவோம்.

அக்காவுக்கு வலிப்பு வந்திருந்தது. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளை வாசுதேவநல்லூர்க்காரர், துபாயில் வேலை. அவருடைய அக்காளைத் தென்காசியில்தான், எங்களுக்கு மூன்றாவது தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாள் சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் எப்போது வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள். இந்த நிலைமையில் ஒரு நாள் காலையில் அடுப்படியில் அக்கா விழுந்து, கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளிக் கிடந்தாள். அண்ணன் ஓடிவந்து அம்மாவின் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி அக்கா கையில் திணித்தான். அம்மா அவளைப் பிடிக்கவில்லை. ஓடிப் போய் முதலில் வாசல் கதவைச் சாத்தினாள். அதுதான் எங்கள் வீட்டில் அக்காவுக்குச் செய்யப்பட்ட முதல் வைத்தியம்.

அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அண்ணன்தான் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் முடிவெடுக்கிறவள் அம்மா. தென்காசியிலேயே டாக்டர் இருந்தார், திருநெல்வேலிக்குப் போனால் வரிசையாக இருந்தார்கள். ஆனால் எங்கே போய் உட்கார்ந்தாலும் பக்கத்து நாற்காலியில் நம் ஊர்க்காரன் ஒருத்தன் இருப்பான் என்பது அம்மாவின் கணக்கு. மலைக்கு அந்தப் பக்கம் போனால் யாருக்குத் தெரியும்? "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொல்லியிருக்காவ" என்றாள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அக்காவும் மட்டும் போனால் சந்தேகம் வரும், என்னையும் சேர்த்துக்கொண்டால் அருவிக்குப் போகிற கூட்டம் மாதிரி இருக்கும் என்று என்னையும் இழுத்துப் போனார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அக்கா அருவிப் பைத்தியம். ஐந்தருவியில் இறங்கினால் உதடு நீலம் பாரித்து, போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டுகிற வரைக்கும் வெளியே வர மாட்டாள். அந்த டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: அருவி, ஆறு, குளம் எதிலும் இறங்கக் கூடாது. சொந்தக்காரப் பெண்கள் வேன் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று கூப்பிடுவார்கள். "அவ தூரமா இருக்கா" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் அதே காரணத்தைச் சொல்வாள். அக்கா உள்ளே இருந்துகொண்டு என்னிடம் சிரிப்பாள். "ஏட்டி, இவ சொல்லுத கணக்குக்கு நான் மாசம் பூராவும் தூரந்தான். எவளாவது ஒருத்தி எண்ணிப் பாத்தாள்னா வைத்தியருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லப் போறா" என்பாள். எதையும் கேலியாக்கிவிடுவாள். டாக்டர் பேசுகிற மலையாளத்தை அப்படியே பேசிக் காட்டுவாள். குழாயடியில் குனிந்து நிற்கும்போதுகூட, "சோப்பு மறந்துட்டியேம்மா, அருவிக்கு வந்து சோப்புப் போடாமப் போனா நம்புவாகளா?" என்று கேட்டு அடி வாங்குவாள்.

முதலில் கொடுத்த மாத்திரை அவளைத் தூங்கித் தூங்கி விழ வைத்தது. வலிப்பும் நிற்கவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டர் அதை நிறுத்திவிட்டு வேறொன்று எழுதினார். எழுதிவிட்டு அம்மாவைப் பார்த்து விரலை ஆட்டி, "ஒரு நாளும் மருந்து முடக்கருது, கேட்டோ" என்றார். ஒரு நாள்கூட விட்டுவிடக் கூடாது, விட்டால் வலிப்பு பலமாக வரும் என்று அர்த்தம். அம்மா அதைச் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அட்டையில் இருந்து மாத்திரைகளை உதிர்த்து ஒரு காலி டப்பாவில் போட்டாள். ரத்தச் சோகைக்காக ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சத்து மாத்திரை டப்பா அது. மாப்பிள்ளையின் அக்காள் பார்த்துக் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது.

புது மாத்திரை நன்றாகக் கேட்டது. இதை நான் சொல்லியாக வேண்டும். மாத்திரை மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அதை விழுங்கிய நாளிலிருந்து அக்காவுக்கு வலிப்பு வரவே இல்லை. முகம் தெளிந்தது. பழையபடி வாய் ஓய்ந்தபாடில்லை. கல்யாணப் புடவைக்குக் கரை என்ன நிறம் என்று எங்களுக்குள் சண்டைகூட வந்தது. "மலையாளத்தான் கைராசிக்காரன்தான்" என்று அம்மா அண்ணனிடம் சொல்லிப் பூரித்துப்போனாள். அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம் இருந்தது.

அதற்கப்புறம் காய்ச்சல் வந்தது. "குழாத்தண்ணி சேரல, சாரல்ல வேற நனைஞ்சா" என்று அம்மா கஷாயம் போட்டாள். காய்ச்சலோடு தொண்டை வலி. தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. கண் இரண்டும் மிளகாய்ப் பொடி தூவியது போல் சிவந்து, காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. உதடு வெடித்தது, வாய்க்குள் எல்லாம் புண். பிறகு நெஞ்சில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, அதன்மேல் கொப்புளம். அம்மா விளக்கை எடுத்து வந்து அந்தக் கொப்புளத்தைப் பார்த்தாள். பார்த்ததும் விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாய் வந்திருக்கா. ஆடி மாசம்லா, அவ மாசம். முத்துப் போட்டிருக்கா" என்றாள்.

அவ்வளவுதான், எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. வாசலில் வேப்பங்குலை கட்டியாயிற்று. வீட்டில் தாளிப்பது நின்றது. அக்காவை வேப்பிலை பரப்பிய பாயில் படுக்க வைத்தார்கள். கொப்புளம் முதுகெல்லாம் பரவி உடைந்ததும், பாய் ஒட்டுகிறதென்று வாழை இலை விரித்தார்கள். அவளைப் புரட்டும்போது தோல் இலையோடு வந்தது. இதை எழுதாமல் விட மாட்டேன். "முத்துன்னா குளுமையா இருக்கணும்லாம்மா? எனக்கு வெந்நிய ஊத்துன மாதிரி எரியுதே" என்று அக்கா கேட்டாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். தாயைப் பற்றி அப்படிப் பேசக் கூடாதாம்.

அண்ணன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோமா என்று கேட்டான். அம்மா அவனை எரித்துவிடுவது போல் பார்த்தாள். "அம்மை கண்ட உடம்புல ஊசி குத்துவாகளாலே? தாய்க்குக் கோவம் வந்தா புள்ளைய விடுவாளா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னாள். "அங்கன போனா மொத கேள்வியே, என்ன மாத்திரை சாப்புடுதான்னு கேப்பான். அதுக்கு என்னலே பதில் சொல்லுவே?" அண்ணன் கடைக்குப் போய்விட்டான். தெய்வ பயம் பாதி, சம்பந்தம் கைவிட்டுப் போகுமே என்ற பயம் பாதி. எது பெரிய பாதி என்று இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.

அம்மை கண்ட வீட்டில் மருந்து மாத்திரை எதுவும் ஆகாது என்பதுதான் சாஸ்திரம். அந்தச் சாஸ்திரத்தையாவது அம்மா ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கலாம். எல்லா மருந்தையும் நிறுத்தியவள், அந்த டப்பாவை மட்டும் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் அக்காள் இளநீர்க் குலையோடு வந்து கதவுக்கு வெளியே நின்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கை கால் வெட்டினால் என்ன ஆவது? ஒரு நாளும் முடக்கருது என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். அக்காவால் விழுங்க முடியவில்லை என்பதால் அம்மா மாத்திரையைப் பொடித்து, இளநீரில் கரைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். காலையிலும் ஊற்றினாள், சாயங்காலமும் ஊற்றினாள்.

அக்கா என்னிடம் கடைசியாகப் பேசியது ஒரு மத்தியானம். நான் வேப்பிலைக் கொத்தால் அவள் கால்மாட்டில் விசிறிக்கொண்டிருந்தேன். "ஏட்டி, கண்ணத் தொறக்க முடியல. வெளிய சாரல் விழுதா?" என்று கேட்டாள். விழுது என்றேன். "அருவியில நல்லா தண்ணி கெடக்கும்" என்றாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்கு அம்மா நாள் பார்த்து வைத்திருந்தாள். அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். அக்காவுக்கு நாங்கள் ஊற்றியது அந்தத் தண்ணீர் இல்லை.

ஊர் வந்தது, துக்கம் கேட்டது, போனது. வாசுதேவநல்லூர்க்காரர்கள் வந்து, "மகாலட்சுமி மாதிரி புள்ள, குடுத்து வைக்கல" என்று மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த தையில் வேறு பெண் பார்த்துக் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு வலிப்பு இருந்தது யாருக்கும் தெரியாமலே முடிந்தது. நாசமாய்ப் போன அந்தக் கௌரவம் மட்டும் பத்திரமாக இருந்தது. எங்கள் வீட்டில் அக்காவின் பெயரைச் சொல்வது நின்று, "அம்மை கண்டு போன புள்ள" என்று சொல்வது வழக்கமாயிற்று. யாராவது கேட்டால் அம்மா, "அவ புள்ளைய அவளே எடுத்துக்கிட்டா, நாம யாரு கேக்க?" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடமும் நடமாடினாள்.

நான் படித்து, விலங்கியல் டீச்சராகி, வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனேன். வருடா வருடம் கரும்பலகையில் பட்டாணிச் செடி வரைந்து, நெட்டைக்கும் குட்டைக்கும் பிறப்பது என்ன என்று பிள்ளைகளுக்குக் கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பன் மூக்கு பிள்ளைக்கு வரும், ஆத்தாள் சுருட்டை முடி பேத்திக்கு வரும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு மாத்திரையை ஒருத்தி உடம்பு வரவேற்பதும் இன்னொருத்தி உடம்பு அதைக் கண்டு வெறி பிடிப்பதும்கூட அப்படி வழிவழியாக வரும் என்று எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அம்மை என்றார்கள், அம்மை என்றே நானும் நம்பினேன்.

போன வருடம் அண்ணன் மகளுக்கு வலிப்பு வந்தது. வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிற பெண். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சரிந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. அண்ணன் எனக்குப் போன் பண்ணி, "திருவனந்தபுரம் கூட்டிட்டுப் போயிரலாம்னு பாக்கேன். இங்கன வேண்டாம்" என்றான். எனக்குச் சுரீர் என்றது. பின்னால் இருந்து அந்தப் பெண்ணின் சத்தம் கேட்டது: "எப்பா, வலிப்பு எனக்கா, உங்க கடைக்கா? தென்காசியிலேயே டாக்டர் இருக்காங்க, அங்கதான் வருவேன். அத்தை, நீங்களும் வாங்க." அந்தக் குரலில் அக்கா இருந்தாள். வேறென்ன சொல்ல?

போனோம். அம்மாவும் கூட வந்தாள். எழுபதைத் தாண்டியவள், முழங்கால் வலிக்காரி, வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாக எல்லாம் கேட்டார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு இருந்திருக்கிறதா என்றும் கேட்டார். "அப்படில்லாம் யாருக்கும் கெடையாது டாக்டர்" என்று அண்ணன் பட்டென்று சொன்னான். நான் அவனைப் பார்த்தேன். அவன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். பேரன் பேத்தி எடுக்கிற வயசு அவனுக்கு. அம்மா மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார், சீட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, "கார்பமசெபைன்னு ஒரு மாத்திரை தர்றேன். இந்த வகை வலிப்புக்கு நல்லாக் கேட்கும். ஆனா ஒண்ணு கவனமாக் கேட்டுக்கோங்க" என்றார். ஆரம்பித்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தாலோ, தொண்டை வலித்தாலோ, கண் சிவந்து எரிந்தாலோ, வாயில் புண் வந்தாலோ, தோலில் தடிப்போ கொப்புளமோ தெரிந்தாலோ, ஒரு வேளைகூடத் தாமதிக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும் என்றார். "ரொம்ப அபூர்வம்தான். ஆனா சில பேர் உடம்புக்கு இது ஆகவே ஆகாது. தோலே கழண்டு போயிரும். நிறுத்துறதுதான் முதல் வைத்தியம்" என்றார்.

காய்ச்சல், தொண்டை, கண், வாய், தோல். அவர் அதைச் சாதாரணமாக, தினம் சொல்கிற பாடமாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் வாழை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட வரிசை மாறவில்லை. என் வாய் திறப்பதற்குள் அம்மா பேசினாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத அம்மா.

"டாக்டரம்மா, அந்தப் பேரை இன்னொரு தடவ சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். "அந்த மாத்திரைதான்" என்றாள் அம்மா, யாரிடமும் சொல்லாதவள் போல. இத்தனை வருடமும் அந்தப் பெயர் அவளுக்குள் இருந்திருக்கிறது. மருந்துக்கடைக்காரனிடம் சொல்லி வாங்குவதற்காக மனப்பாடம் பண்ணியது. எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த நிமிடமே தலையை ஆட்டினாள். "ஆனா என் மவளுக்கு வந்தது அம்மை. அது வேற."

அண்ணன் இந்தத் தடவையும் காலை மிதித்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். "டாக்டர், எங்க அக்காவுக்கு வலிப்பு இருந்தது. இதே மாத்திரை சாப்பிட்டா. நீங்க இப்ப சொன்ன அத்தனையும் அவளுக்கு வந்துச்சு. செத்துப் போனா" என்றேன். கத்தியிருக்க வேண்டும், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததாக அண்ணன் பிறகு சொன்னான். டாக்டர் பேனாவை மூடினார். எழுதிய சீட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கணும்லம்மா" என்று மட்டும் சொன்னார்.

வேறு மாத்திரை எழுதினார். ரத்தம் எடுத்து வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்பினார். அண்ணன் மகள், "அது எப்படி டாக்டர் ஒருத்தருக்கு ஒத்துக்கிறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காமப் போகும்?" என்று கேட்டதற்கு அவர் எளிமையாக விளக்கினார். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் மேலும் "இது நம்ம ஆள்" என்று காட்டுகிற அடையாளம் இருக்கிறதாம். அது அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வருவது, ஆளுக்கு ஆள் மாறுவது. சில பேருடைய அடையாளத்தில் இந்த மாத்திரை போய் ஒட்டிக்கொள்ளுமாம். உடனே உடம்பு தன் தோலையே அந்நியன் என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிடும். அந்த அடையாளம் இருக்கிற எல்லோருக்கும் அப்படி ஆகிவிடாது, ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்றார். அக்காவைப் பற்றிக் கேட்டேன். "அவங்க ரத்தம் இப்ப நம்மகிட்ட இல்ல. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா எனக்கு வேற எதுவும் தோணல" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் என்மேல் பாய்ந்தான். "ஊர்ல பாதி பேரு வெளிய உக்காந்திருக்கான், நீ பாட்டுக்குத் தண்டோரா போடுத. எம் புள்ள கல்யாணம் நின்னா நீயா வந்து நடத்துவே?" என்றான். அவன் மகள் ஸ்கூட்டியின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், ஓட்டக் கூடாது என்று டாக்டர் அப்போதுதான் சொல்லியிருந்தார். "எப்பா, அந்தச் சீட்டை அவங்க கிழிக்கலன்னா அடுத்த மாசம் நீங்க எனக்கு என்ன நடத்தியிருப்பீங்க?" என்று கேட்டாள். அம்மா ஆட்டோவில் ஏறி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

சோதனை முடிவு வந்தது. அவளுக்கு அந்த அடையாளம் இருந்தது. நெருங்கிய சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். நான் பார்த்தேன், எனக்கு இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே குழாயில் தலையை நனைத்தோம். எனக்கு அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அண்ணன் சோதனைக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டான். "ரத்தத்துல குறைன்னு எழுதி வாங்கி நெத்தியில ஒட்டிக்கிடணுமா?" என்கிறான். குறை என்று யார் சொன்னது? ஒருத்தனுக்குக் கத்தரிக்காய் அரிக்கும், ஒருத்தனுக்கு அரிக்காது, அந்த மாதிரிதான் இதுவும். அதைச் சொல்லிவிட்டால் ஒரு உயிர் தப்பும், மறைத்தால் போகும். இந்தச் சின்ன விஷயத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு பெண் தோல் உரிந்து சாக வேண்டியிருந்தது. அவள் செத்தும் அண்ணனுக்குப் புத்தி வரவில்லை. பேச்சில் இருந்த சம்பந்தத்தாரிடம் அவன் சொல்லியிருப்பது, பிள்ளைக்கு வேலை அலுப்பில் தலைசுற்றல் என்று. அந்தப் பெண் அவர்களுக்கே போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். யோசிக்கட்டும். அவளுக்கு இப்போது வலிப்பு இல்லை, நன்றாக இருக்கிறாள்.

அம்மாதான் அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டாள். கோயிலுக்குப் போவதும் குறைந்தது. அம்மாவிடம் கேட்பதற்கென்று நான் மனதுக்குள் நிறைய வைத்திருந்தேன். கதவைச் சாத்தினாயே, அது ஏன்? ஆஸ்பத்திரியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பயந்தாயே, அந்தப் பதிலின் விலை என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகக் கூர் தீட்டி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா முற்றத்தில் தனியாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே கேட்டாள்.

"ஏட்டி, நீ படிச்சவல்லா. உள்ளதச் சொல்லு. அவளுக்குத் தாய் வந்ததா, இல்ல அந்த மாத்திரையா?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கை வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தது. நான் தீட்டி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வயிற்றெரிச்சல் அப்படியே இருந்தது, அது போய்விட்டதென்று சொன்னால் பொய். ஆனாலும் அந்தக் கழுத்தையும் அந்தக் கையையும் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

"அம்மைதாம்மா" என்றேன். "அக்காவுக்கு வந்தது அம்மைதான். டாக்டரே உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாங்கள்லா."

அம்மா இப்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கே பொய் சொல்லுதியேட்டி" என்றாள். "கடேசி அன்னைக்குக் காலம்பற கரைச்சு ஊத்துனேன். வாயிலயே வச்சிருந்து துப்பிட்டா. வேண்டாம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டா. நான் இன்னொண்ண எடுத்துக் கரைச்சேன்."